ரயில் பாதையை மேம்படுத்துறாங்க… நம்ம கருத்தை எப்போ கேட்பாங்க? கொல்லிமலை முதல் கிளாம்பாக்கம் வரை ஒரு விளக்கம்

கொல்லிமலையில் தண்டவாளம் கிடையாது. செம்மேட்டில் பேருந்து ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் போனால்தான் ரயில் கண்ணில் படும். அந்த நாமக்கல்லுக்கே ரயில் வந்தது 2013-ல்தான். சேலம் – கரூர் பாதை அந்த ஆண்டு மே மாதம் திறக்கப்படும் வரை, மாவட்டத் தலைநகராக இருந்தும் நாமக்கல்லில் ரயில் நிலையம் இல்லை.

"அப்படிப்பட்ட மலையில உட்கார்ந்துகிட்டு சென்னை புறநகர் ரயிலைப் பத்தி நாம எதுக்குப் பேசணும்?" என்று கேட்கத் தோன்றலாம். அதற்கான பதில் கிளாம்பாக்கத்தில் இருக்கிறது.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு நாமக்கல், சேலம் பக்கத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை போகும் அரசுப் பேருந்துகளுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். கொல்லிமலையிலிருந்து வேலைக்கோ, கல்லூரிக்கோ, மருத்துவமனைக்கோ போகிற ஒருவர் விடியற்காலையில் அங்கே இறங்குகிறார். அங்கிருந்து நகருக்குள் போக மலிவான, வேகமான வழி புறநகர் ரயில்தான். ஆனால் முனையம் திறந்த அன்று அதன் வாசலில் ரயில் நிறுத்தம் இல்லை. தண்டவாளம் மட்டும் பக்கத்திலேயே ஓடியது. பை, மூட்டையோடு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது.

முனையம் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் ஒரு துறை. ரயில் நிறுத்த வேண்டியவர்கள் இன்னொரு துறை. நடுவில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தவரிடம் யாராவது முன்கூட்டியே கேட்டார்களா? ஒரு ரயில் பாதையை மேம்படுத்தும்போது பொதுமக்களின் கருத்தை எப்போது, எங்கே, எப்படிக் கேட்கிறார்கள்? சொன்னால் எடுபடுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

சென்னையின் தெற்குப் புறநகர்ப் பாதையில் அடுத்தடுத்து மாற்றங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. கடற்கரை – தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதன் நீட்சியான செங்கல்பட்டு வரையிலான பாதைதான் இன்று தென் மாவட்டங்களுக்கும் சென்னைக்கும் இடையிலான கழுத்து. புறநகர் ரயில், விரைவு ரயில், சரக்கு ரயில் எல்லாம் அந்தக் கழுத்து வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த நெருக்கடியைக் குறைக்க தாம்பரம் – செங்கல்பட்டு இடையே நான்காவது பாதை அமைக்க 2025-ல் ரயில்வே அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. நீளம் சுமார் 30 கிலோமீட்டர், மதிப்பீடு சுமார் 757 கோடி ரூபாய். அதே ஆண்டு ஏப்ரல் 19 அன்று சென்னையின் முதல் குளிர்சாதன மின்சார ரயில் கடற்கரை – செங்கல்பட்டு இடையே ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே, கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதைக்காக ஒரு வழித்தடத்தின் ஒரு பகுதியே பல மாதங்கள் நிறுத்தப்பட்டது.

இவை எல்லாமே தேவையான வேலைகள்தான். அதில் சண்டை இல்லை. எந்த வேலைக்கு எந்தக் கட்டத்தில் மக்களிடம் கேட்டார்கள் என்பதுதான் விஷயம்.

ஒரு திட்டம் எத்தனை படிகளைத் தாண்டி வருகிறது?

புதிய பாதையோ கூடுதல் பாதையோ, ரயில்வே திட்டம் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் நகரும்.

முதல் படி, ஆய்வு. பாதை எந்தப் பக்கம் போகும், எத்தனை பாலம், எவ்வளவு நிலம் என்று அளப்பார்கள்.

இரண்டாவது, விரிவான திட்ட அறிக்கை. செலவு, பயணிகள் எண்ணிக்கை, நிலையங்களின் இடம் எல்லாம் இதில்தான் முடிவாகும்.

மூன்றாவது, ஒப்புதலும் நிதி ஒதுக்கீடும்.

நான்காவது, நிலம் எடுப்பது.

ஐந்தாவது, கட்டுமானம். இந்தக் காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரயில்கள் ரத்தாகலாம், பாதி வழியில் நிற்கலாம்.

ஆறாவது, கால அட்டவணை, கட்டணம், எந்த வண்டி எங்கே நிற்கும் என்பது.

இந்த ஆறு படிகளில் சட்டப்படி "ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டே ஆக வேண்டியது நான்காவது படியில்தான். அதுவும் நிலத்தில் உரிமையோ பங்கோ உள்ளவர்களிடம் மட்டும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 2008-ல் சேர்க்கப்பட்ட அத்தியாயத்தின்படி, சிறப்பு ரயில் திட்டங்களுக்கு நிலம் எடுக்க அறிவிக்கை வந்த 30 நாட்களுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதிகாரி அவர்களை நேரிலோ வழக்கறிஞர் மூலமோ பேச வைத்துக் கேட்க வேண்டும்.

தினமும் அந்த ரயிலில் போகிறவர்? அவருக்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. அவருடைய முறை ஆறாவது படி முடிந்த பிறகு, புகார் கொடுக்கும்போதுதான் வருகிறது.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு மக்கள் கருத்துக்கேட்பு உண்டே, அது?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பெரிய திட்டம் என்றால் ஆட்சியர் தலைமையில் பந்தல் போட்டு, மைக் வைத்து, பொதுமக்களைக் கேட்பார்கள் என்று. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அப்படி ஒரு நடைமுறையைச் சொல்வது உண்மைதான். ஆனால் அது பட்டியலிட்டிருக்கும் திட்டங்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் ரயில் பாதை இல்லை.

கொல்லிமலைக்காரர்களுக்கு இது ஒப்பிட்டுப் பார்க்க எளிது. மலையில் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்ட காலம் பலருக்கும் நினைவிருக்கும். அதே மாதிரி ஒரு பெரிய பாக்சைட் சுரங்கத்தை இன்று புதிதாகத் திறக்க வேண்டுமானால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் தினமும் ஏறி இறங்கும் ஒரு ரயில் பாதையை மாற்றியமைக்க அப்படி ஒரு கூட்டம் கட்டாயம் இல்லை.

2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு, பொது விசாரணை எல்லாம் உண்டு. ஆனால் அதன் நான்காவது அட்டவணையில் உள்ள சட்டங்களின்படி நிலம் எடுத்தால் அந்தப் பகுதி பொருந்தாது. ரயில்வே சட்டம் அந்த அட்டவணையில் இருக்கிறது. இழப்பீட்டுத் தொகை புதிய சட்டத்தின் கணக்குப்படி கிடைக்கும். கேள்வி கேட்கும் கூட்டம் கிடைக்காது.

வனத்துக்குள் போகும் திட்டங்களுக்கும் இப்படி ஒரு விலக்கு உண்டு. வன உரிமைச் சட்டத்தின்படி வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சொன்னது. 2013 பிப்ரவரியில் சாலை, ரயில் பாதை, கால்வாய், மின்தடம் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை என்று தளர்த்தியது. சில குறிப்பிட்ட பழங்குடிப் பிரிவினரின் உரிமை பாதிக்கப்படும் இடங்கள் மட்டும் விதிவிலக்கு.

நாட்டுக்கு வேண்டிய பாதைகள் தாமதமாகக் கூடாது என்பதுதான் இந்த விலக்குகள் எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் காரணம். கேட்காமல் விட்டால் தாமதம் குறைகிறதா? சென்னையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது.

கேட்காமல் விட்டால் வேகமா முடியுமா?

வேளச்சேரி வரை ஓடும் பறக்கும் ரயிலைப் பரங்கிமலை வரை நீட்டிக்கும் வேலை 2008-ல் தொடங்கியது. தூரம் வெறும் 5 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி முடிந்த பிறகும், ஆதம்பாக்கம் அருகே சுமார் 500 மீட்டர் மட்டும் நின்றுபோனது. நிலத்தின் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். இழப்பீடு குறித்த வழக்குகள் நீண்டன. தூண்கள் ஒரு பக்கமும் தூண்கள் இன்னொரு பக்கமும் நிற்க, நடுவில் வெறும் வானம். பத்தாண்டுகளுக்கும் மேல் இப்படியே போனது.

அந்தக் குடும்பங்கள் பிடிவாதக்காரர்கள், அதனால்தான் திட்டம் தாமதமானது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. தொடக்கத்திலேயே, பாதை காகிதத்தில் இருந்தபோதே உட்கார்ந்து பேசியிருந்தால் வழக்கு வராமலே போயிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பேச வேறு வாசல் இல்லாதபோது மக்கள் நீதிமன்ற வாசலுக்குத்தான் போவார்கள். அங்கே ஆகும் தாமதத்தை யாரும் திட்ட அறிக்கையில் கணக்கெடுப்பதில்லை.

கட்டுமானக் காலமும் இப்படித்தான். கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. பதினான்கு மாதங்கள். வெறும் 4 கிலோமீட்டர் சொச்சம் தூரம்தான். ஆனால் வேளச்சேரி, மயிலாப்பூர் பக்கமிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தினமும் இன்னொரு வண்டி, இன்னொரு டிக்கெட், இன்னொரு அரை மணி நேரம்.

நிறுத்துவதற்கு முன்னால் அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வேறு, கருத்துக்கேட்பு வேறு. "நாளை முதல் ரயில் இல்லை" என்பது தகவல். "ரயில் இல்லாத நாட்களில் எந்த நேரத்துக்கு எங்கிருந்து பேருந்து விட்டால் உங்களுக்கு உதவும்?" என்பதுதான் கேள்வி. இரண்டாவதைக் கேட்பதற்குப் பெரிய செலவு கிடையாது.

கேட்டு, மாற்றிய கதை ஏதாவது உண்டா?

உண்டு. அதுவும் இதே பாதையில்.

2025 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய குளிர்சாதன மின்சார ரயிலின் முதல் கால அட்டவணையைப் பார்த்ததும் பயணிகள் தலையில் கைவைத்தார்கள். செங்கல்பட்டில் காலை 9 மணிக்குப் புறப்பட்டு, 10.30 மணிக்குக் கடற்கரை சேரும் வண்டி. அலுவலகம் போகிறவர்கள் அதற்குள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், அதிகபட்சம் 105 ரூபாய் என்று இருக்கும்போது, அதைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் பயணிக்கும் நேரத்தில் வண்டி இல்லை.

தெற்கு ரயில்வே பயணிகளிடம் கருத்து கேட்டது. வாட்ஸ்அப் எண் ஒன்றைக் கொடுத்து, எந்த நேரத்தில் வண்டி வேண்டும் என்று எழுதச் சொன்னது. கருத்துகள் வந்தன. மே 2 முதல் நேரங்கள் மாற்றப்பட்டன. ஏப்ரல் 19-க்கும் மே 2-க்கும் இடையே இரண்டு வாரம்கூட இல்லை.

ரயில்வே கேட்காது, கேட்டாலும் மாற்றாது என்று சொல்கிறவர்களுக்கு இது நல்ல பதில். ஆனால் எது மாறியது என்பதையும் கவனிக்க வேண்டும். மாறியது கால அட்டவணை. அதாவது ஆறாவது படி. அதை மாற்ற சிமென்ட் உடைக்க வேண்டியதில்லை, நிலம் வாங்க வேண்டியதில்லை. கட்டணத்தையோ நிலையத்தின் இடத்தையோ நடைமேம்பாலம் எந்தப் பக்கம் இறங்கும் என்பதையோ வாட்ஸ்அப் செய்தியால் இவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. அவை முதல் இரண்டு படிகளிலேயே பெரும்பாலும் முடிந்துபோகின்றன. கருத்தை எப்போது கேட்கிறார்கள் என்பதுதான் அந்தக் கருத்துக்கு எவ்வளவு எடை என்பதைத் தீர்மானிக்கிறது.

மும்பை என்ன சொல்கிறது?

மும்பையில் இதே குளிர்சாதன ரயில் 2017 டிசம்பர் 25-ல் வந்தது. கட்டணம் அதிகம், கூட்டம் குறைவு. 2022 மே மாதம் ஒற்றைப் பயணக் கட்டணத்தைச் சுமார் பாதியாகக் குறைத்தார்கள். 5 கிலோமீட்டருக்கு 65 ரூபாயாக இருந்தது 30 ரூபாய் ஆனது. கூட்டம் ஏறியது.

அந்த உற்சாகத்தில் 2022 ஆகஸ்டில் மத்திய ரயில்வே மேலும் பத்து சேவைகளைக் குளிர்சாதன வண்டிகளாக மாற்றியது. புதிதாகச் சேர்க்கவில்லை, சாதாரண வண்டிகளுக்குப் பதிலாக விட்டது. சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் வழக்கமான நேரத்துக்கு வந்து பார்த்தால், அவர்கள் ஏற முடியாத வண்டி நிற்கிறது. கல்வாவிலும் பத்லாப்பூரிலும் பயணிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 25 முதல், அந்தப் பத்து சேவைகளும் திரும்பப் பெறப்பட்டன.

அங்கேயும் மக்கள் கருத்து எடுபட்டது. ஆனால் அது தெரிவிக்கப்பட்ட இடம் தண்டவாளம். சென்னையில் வாட்ஸ்அப்பில் முடிந்தது, மும்பையில் மறியலில் முடிந்தது. இரண்டு இடத்திலும் மக்கள் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: எங்க நேரத்துக்கு, நாங்க கொடுக்கிற காசுக்கு வண்டி விடுங்க.

மும்பையில் இன்னொரு பழைய கதையும் உண்டு. 2002-ல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தில், ரயில் பாதைகளையும் சாலைகளையும் மேம்படுத்த சுமார் 1,20,000 பேர் இடம்பெயர வேண்டியிருந்தது. சாலைப் பகுதியில் பாதிக்கப்பட்ட கடைக்காரர்கள், தங்களைச் சரியாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று 2004-ல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். விசாரணை நடந்தது. 2006 மார்ச்சில் மறுகுடியேற்றம், சாலை ஆகியவற்றுக்கான பணத்தை வங்கி நிறுத்தி வைத்தது. மாநில அரசு குறைகளைச் சரிசெய்ய ஒப்புக்கொண்ட பிறகு, சில மாதங்களில் பணம் மீண்டும் வந்தது. முறையிட ஒரு வாசலும், அந்த வாசலுக்குப் பின்னால் பணத்தை நிறுத்தும் அதிகாரமும் இருந்ததால்தான் இது நடந்தது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ – சான் ஹோசே இடையே ஓடும் கால்ட்ரெயின் புறநகர் ரயில் நம் பாதைக்கு ஒப்பிடத் தக்கது. டீசலில் ஓடியதை மின்மயமாக்கத் திட்டமிட்டார்கள். 2014 பிப்ரவரியில் வரைவு அறிக்கையை வெளியிட்டு, கருத்து சொல்ல 60 நாள் கொடுத்தார்கள். அந்த மாநிலச் சட்டப்படி, வந்த கருத்துகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களும் சேர்ந்ததுதான் இறுதி அறிக்கை. 2015 ஜனவரியில் அது ஏற்கப்பட்டது. முழுமையான மின்சார ரயில் சேவை 2024 செப்டம்பரில் தொடங்கியது.

அங்கேயும் தாமதம் உண்டு, வழக்கும் உண்டு. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பதில். "உங்க கருத்தைப் பரிசீலிக்கிறோம்" என்ற ஒற்றை வரி அல்ல. இதை ஏற்கிறோம், இதை ஏற்கவில்லை, காரணம் இது என்று பெயர் போட்டு எழுதும் பதில். கருத்து சொன்னவருக்குத் தன் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகவில்லை என்று தெரிகிறது. அடுத்த முறையும் அவர் எழுதுவார்.

கொல்லிமலையில் இருக்கிற ஒன்று, ரயில் பயணிக்கு இல்லை

இங்கேதான் மலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பெயரிலேயே நாடு இருக்கும். இங்கே பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். எல்லா ஊராட்சிகளையும் போல இங்கும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை.

கிராம சபையில் குறைகள் ஏராளம். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும் கூட்டங்களும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு நாள் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது, தீர்மானப் புத்தகம் இருக்கிறது. வாக்காளராக இருக்கிற யாரும் எழுந்து, "எங்க ஊருக்குக் காலையில பஸ் ஏன் வரல?" என்று கேட்கலாம். கேட்டது எழுத்தில் பதிவாகும்.

ரயில் பயணிகளுக்கு அப்படி ஒரு சபை இல்லை. இருப்பது ஆலோசனைக் குழுக்கள். ஒவ்வொரு கோட்டத்திலும் கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு, மண்டல அளவில் மண்டலக் குழு, அதற்கு மேல் தேசிய அளவில் ஒன்று. வர்த்தக சங்கங்கள், பயணிகள் சங்கங்கள், நுகர்வோர் அமைப்புகள், மக்கள் பிரதிநிதிகள் சார்பில் உறுப்பினர்கள் நியமிக்கப்படுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்கள் சொல்வது ஆலோசனை மட்டுமே. உறுப்பினர் யார், கூட்டம் எப்போது, என்ன பேசினார்கள் என்பது பெரும்பாலான பயணிகளுக்குத் தெரியாது.

சென்னையில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் சேர்த்துத் திட்டமிட, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. கிளாம்பாக்கம் போன்ற இடங்களில் துறைகளை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் அதன் வேலை. நாமக்கல்லில் அப்படி எதுவும் இல்லை. 2024-ல் நாமக்கல் பேருந்து நிலையம் முதலைப்பட்டிக்கு மாறியது. ரயில் நிலையம் பழைய இடத்திலேயே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்குப் பேருந்தும் ரயிலும் ஒரே பயணத்தின் இரண்டு பாதிகள். அரசுக்கு அவை இரண்டு தனித்தனிக் கோப்புகள்.

சரி, நான் எங்கே சொல்வது?

இருக்கிற வாசல்கள் இவை.

ஓடும் ரயிலில் குறை என்றால் 139 என்ற எண் அல்லது ரயில் மதத் செயலி. சுத்தம், பாதுகாப்பு, தாமதம் போன்றவற்றுக்கு இது போதும். புது நிறுத்தம், புது வண்டி கேட்பதற்கான இடம் இது அல்ல.

கால அட்டவணை, நிறுத்தம், கூடுதல் சேவை என்றால் கோட்ட மேலாளருக்கு எழுத வேண்டும். சேலம் – கரூர் பாதைக்கு 2007-ல் உருவான சேலம் கோட்டம், தாம்பரம் – செங்கல்பட்டுப் பாதைக்குச் சென்னைக் கோட்டம். கோட்ட ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் பட்டியலைக் கேட்டு வாங்கி, அவர்களில் ஒருவர் மூலம் கூட்டத்தில் எழுப்பச் செய்தால் அது கூட்டக் குறிப்பில் ஏறும்.

புதிய பாதை, பெரிய மேம்பாடு என்றால் நாடாளுமன்ற உறுப்பினர். கோட்டம் வாரியாக எம்.பி.க்களுடன் ரயில்வே பொது மேலாளர் நடத்தும் கூட்டங்களில் தொகுதியின் கோரிக்கைகள் எடுத்துக்கொள்ளப்படும். கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி, நாமக்கல் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது.

ஆய்வு நடக்கிறதா, அறிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். முதல் இரண்டு படிகளில் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க ஒரு சாதாரண ஆளுக்கு இருக்கும் நேரடியான வழி இதுதான்.

நிலம் போகிறது என்றால் அறிவிக்கை வந்த தேதியைக் குறித்துவையுங்கள். 30 நாள் தாண்டினால் அந்த வாசல் மூடிவிடும்.

கிராம சபையையும் மறக்க வேண்டாம். ரயில்வே அதன் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டது அல்ல. ஆனால் "செம்மேட்டிலிருந்து வரும் பேருந்து நாமக்கல்லில் இந்த ரயிலைப் பிடிக்கும்படி நேரம் அமைய வேண்டும்" என்று ஒரு தீர்மானம் போட்டு, அதன் நகலை ஆட்சியருக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் கோட்ட மேலாளருக்கும் அனுப்பினால், அது ஒரு தனி ஆளின் கடிதத்தைவிடக் கனமாக இருக்கும்.

எப்படி எழுதினால் எடுபடும்?

"ரயில் வசதி போதவில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் பதிலும் அதே மாதிரிதான் வரும். எந்த நிலையம், எந்த வண்டி எண், எத்தனை மணி, எத்தனை பேர், இப்போது என்ன செய்கிறார்கள், எதை மாற்றினால் போதும் என்று எழுத வேண்டும். குளிர்சாதன ரயில் விஷயத்தில் பயணிகள் சொன்னது எடுபட்டதற்கு ஒரு காரணம் இதுதான். அவர்கள் வசதி கேட்கவில்லை, நேரம் சொன்னார்கள். ஒரு திட்ட அதிகாரியால் அட்டவணையில் கை வைத்து மாற்றக்கூடிய ஒன்றைச் சொன்னார்கள்.

கேட்கிற பக்கத்துக்கும் இதே பாடம் உண்டு. ஏற்கெனவே ரயிலில் இருப்பவரிடம் மட்டும் கேட்டால், இன்னும் ரயிலுக்கு வந்து சேர முடியாதவரின் கருத்து வரவே வராது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வாட்ஸ்அப்பில் எழுதுவார். மாதம் ஒரு முறை மூட்டையோடு வந்து கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர் எழுத மாட்டார். எங்கே எழுதுவது என்று அவருக்குச் சொல்லப்படவும் இல்லை. ஆனால் நிலையம் எங்கே இருக்க வேண்டும், மின்தூக்கி எங்கே வேண்டும், முதல் வண்டி எத்தனை மணிக்கு வேண்டும் என்று அவரைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யார்?

கடைசியாக…

கிளாம்பாக்கத்தில் ரயில் நிறுத்தம் அமைக்கும் முடிவு பிறகு வந்தது. அதற்கு 20 கோடி ரூபாயைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ரயில்வேக்குக் கொடுத்தது. முனையத்தையும் நிறுத்தத்தையும் இணைக்க ஆகாய நடைபாதையும் திட்டமிடப்பட்டது. இரண்டும் பயணிகள் முதல் நாளிலிருந்து கேட்டவைதான். முனையத்தின் வரைபடம் மேசையில் இருந்தபோதே நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருகிற பத்து பேரைக் கூப்பிட்டு, "இறங்கினதும் எப்படிப் போவீங்க?" என்று கேட்டிருந்தால் இந்த இரண்டையும் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

தாம்பரம் – செங்கல்பட்டு நான்காவது பாதையில் இனி எத்தனையோ முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். எந்த நிலையத்தில் நடைமேடை நகரும், எங்கே சுரங்கப்பாதை வரும், வேலை நடக்கும்போது எந்த வண்டி நிற்கும் என்பதெல்லாம் அதில் அடக்கம். அவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் பாதை முடிந்து திறப்பு விழா நடக்கும் நாள் அல்ல. விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கப்போகிற கொல்லிமலைக்காரரையும் அதற்குள் யாராவது கேட்டுவிட வேண்டும்.